லுவாங் பிரபாங்கின் விடியற்காலைப் பிச்சை: சோறிடும் வீடுகளின் வரலாறு

லாவோஸின் பழைய தலைநகரான லுவாங் பிரபாங்கில் நாள்தோறும் விடியலில் நடக்கும் 'தாக் பாத்' எனும், பௌத்தத் துறவிகளின் பிச்சையேற்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளின் நடத்தையோடு நின்றுவிடுகிறார்கள். துறவிகளின் முகத்துக்கு நேரே பாயும் கேமரா வெளிச்சம் பற்றிய மனக்குறை நியாயமானதே. ஆனால் அதைவிட ஆழமான மாற்றம், பாத்திரத்தில் விழும் சோறு எந்த அடுப்பிலிருந்து வருகிறது என்பதில் நிகழ்ந்திருக்கிறது.

தேரவாத பௌத்தத்தின் விநய (துறவொழுக்க) விதிப்படி துறவி தனக்கெனச் சமைத்துக்கொள்ளக் கூடாது. உணவைச் சேர்த்துவைக்கக் கூடாது. நண்பகலுக்குப் பின் உண்ணக் கூடாது. ஆகவே விகாரை ஊரைவிட்டு விலகியிருக்க வழியில்லை. 1353இல் மன்னர் ஃபா ங்கும் லான் சாங் அரசை நிறுவியபின் இந்நகரில் விகாரைகள் பெருகின. புகழ்பெற்ற சியெங் தோங் விகாரை, மன்னர் சேத்தாதிராத் தலைநகரை வியந்தியானுக்கு மாற்றிய 1560ஐ ஒட்டி எழுந்தது. விகாரைகளைக் கட்டியவர்கள் அரசர்கள் என்றாலும், அங்கிருந்தோருக்கு அன்றாடம் சோறிட்டவை சுற்றியிருந்த குடியிருப்புகள்தாம். ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனக்கென ஒரு விகாரை உண்டு.

நம் கவுனியைப் போல ஒட்டும் அரிசியை முந்தின இரவே ஊறவைத்து, கூம்பு வடிவ மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைக்கிறார்கள். தோளில் குறுக்காகச் சால்வை அணிந்த பெண்கள் தெருவோரப் பாயில் மண்டியிட்டு, மூடியுள்ள சிறு கூடையிலிருந்து ஆவி பறக்கும் சோற்றை ஒரு சிறு உருண்டையாக எடுத்து ஒவ்வொரு பாத்திரத்திலும் இடுகிறார்கள். துறவிகள் வெறுங்காலோடு, மூப்பு வரிசையில், பேசாமல் நகர்கிறார்கள், இளந்துறவிகள் கடைசியில். யாரும் நன்றி சொல்வதில்லை, ஏனெனில் இங்கே புண்ணியம் பெறுபவர் கொடுப்பவரே. அந்தப் புண்ணியத்தை நீர் வார்த்து இறந்தோருக்கு அளிப்பதும் உண்டு. வழியோரம் கூடையோடு காத்திருக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குத் துறவிகள் தம் பாத்திரத்திலிருந்தே எடுத்துப் போடுகிறார்கள். தானம் அடுத்த கைக்குச் செல்லும் இந்தக் காட்சியைப் பயணக் குறிப்புகள் போதிய அளவு கவனித்ததில்லை.

1975 டிசம்பரில் முடியாட்சி ஒழிந்தது. மறு ஆண்டில் புதிய அரசு துறவிகளுக்கு உணவளிப்பதைத் தடை செய்து, அவர்களே பயிரிட்டு உண்ண வேண்டும் என்றது. மக்களின் அதிருப்தி வலுத்ததால் முதலில் சோறு மட்டும் கொடுக்க அனுமதி கிடைத்தது. 1976 முடிவதற்குள் தடையே விலகியது. விகாரையைச் சுற்றிச் சோறிடும் குடும்பங்கள் அப்போது இடம்பெயராமல் இருந்ததும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அந்த வீடுகளைக் கலைத்தது வேறொன்று. 1995இல் யுனெஸ்கோ நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபின் பயணிகள் பெருகினர். வீட்டு வாடகை ஏறியது. பழைய நகரத்துக் குடும்பங்கள் பல தம் வீடுகளைத் தங்கும் விடுதிகளுக்குக் கொடுத்துவிட்டுப் புறநகருக்குக் குடிபெயர்ந்தன. கூரையையும் சுவரையும் காக்க விதிகள் இருந்தன. உள்ளே அடுப்பெரிய வைக்க எந்த விதியாலும் இயலவில்லை. குடும்பங்கள் விட்டுச்சென்ற இடத்தில் இன்று பயணிகள் அமர்கிறார்கள். அவர்களுக்குப் பாயும் சோற்றுக் கூடையும் விலைக்குக் கிடைக்கின்றன.

எதிர்ப்புறம் நில்லுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், தோளும் முழங்காலும் மறையட்டும், மனதார விரும்பினால் மட்டும் தானமிடுங்கள் என்று வருவோரிடம் வேண்டுகிறார்கள். தெருவில் விற்பதை வாங்காமல், காலைச் சந்தையில் புதிதாய் வெந்த சோற்றை வாங்கிவரவும் சொல்கிறார்கள். இதை வெறும் நாகரிகக் குறிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இளந்துறவிகளில் பலர் படிப்புக்காக வறிய கிராமங்களிலிருந்து வந்த சிறுவர்கள்; பழைய சோறு பாத்திரத்தில் விழுந்தால், அன்று அதைச் சாப்பிடப்போவது அவர்கள்தாம்.