ஒரு வினைச்சொல்லும் வட்டபுலுவைத் துறையும்

ஆங்கிலத்தில் ஒரு சிறு வினையோடு இடைச்சொல் ஒன்று கூடி முற்றிலும் வேறு பொருள் தருதலைக் கற்றோர் அறிவர். ‘கிவ்’ என்பது கொடுத்தல். ‘அப்’ என்பது மேல். ‘கிவ் அப்’ என்பதோ மேலே கொடுத்தல் ஆகாது. கோட்டையையோ ஆளையோ எதிரியின் கையில் ஒப்புவித்தல் அதன் பழம்பொருள். முயற்சியைக் கைவிடுதல், பழக்கத்தை விட்டொழித்தல் முதலியன பின்னர்க் கிளைத்தவை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் உயிர்நீத்தலுக்கும் இவ்வினையே வருகின்றது. இவையனைத்தையும் தாங்கும் ஒரு சொல் தமிழில் இல்லை. அஃது ஒரு குறையென்பார் உளர். கண்டி வரலாற்றின் ஓர் ஏட்டைப் படித்தபின் யாம் அவ்வாறு கருதவில்லை.

1803ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டியுட் புகுந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. மன்னன் சிறீ விக்கிரம ராசசிங்கன் மலைநாட்டினுள் அகன்றுவிட்டான். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், தம் ஆதரவில் இருந்த நாயக்கர் குலத்து முத்துசாமியை அரியணையில் அமர்த்தினார். கைம்மாறாக ஏழு கோறளை முதலிய நிலங்களை ஆங்கிலேயர் பெறுவதென உடன்படிக்கை எழுந்தது. குடிகளோ புதிய அரசனை ஏற்கவில்லை. படைவீரரைக் காய்ச்சல் வாட்டியது.

மே மாதத்தில் நோர்த் தம்பதெனியாவில் அதிகார் பிலிமத்தலாவையைச் சந்தித்தார். முத்துசாமி முடிதுறந்து யாழ்ப்பாணம் சென்று உதவிப்பணம் பெற்று வாழ்வதென்றும், ஆட்சி அதிகாரிடம் செல்வதென்றும் அங்கே பேசி முடிக்கப்பட்டது. அமர்த்தியவரே மூன்று திங்களுள் அவனை வேண்டாதவனாக்கினர்.

ஜூன் 24ஆம் நாள் கண்டியர் தாக்கினர். மேஜர் டேவி சரணடைந்து, முத்துசாமியையும் உடன்கொண்டு திருகோணமலைக்குச் செல்ல இசைவு பெற்றார். நகருக்கு அணித்தே வட்டபுலுவையில் மகாவலி கங்கை பெருக்கெடுத்தோடியது, கடக்க ஓடமில்லை. அக்கரையிலேயே, அரசனின் தூதர் முத்துசாமியைத் தருமாறு கேட்டனர். டேவி முதலில் மறுத்தார், பின்னர் இசைந்தார். முத்துசாமி கொல்லப்பட்டான். அடுத்து, ஆயுதங்களைக் கீழே வைத்த படைவீரரும் வெட்டுண்டனர்.

டேவியின் செயலை ஆங்கிலத்தில் ‘கிவ் அப்’ என்று எழுதினால் வாக்கியம் இடறாமல் செல்லும். தமிழில் எழுதுவோன் நின்று எண்ணவேண்டும். ‘ஒப்படைத்தார்’ என்றால் அலுவலக நடைமுறை போல் ஒலிக்கும். ‘காட்டிக்கொடுத்தார்’ என்றால், மறைந்திருந்தவனைச் சூழ்ச்சியாற் பிடித்துக்கொடுத்ததாகும். டேவி அது செய்யவில்லை. ‘விட்டுக்கொடுத்தார்’ என்பதே பொருந்துமென்பது எம் கருத்து. தன்னைச் சார்ந்தவனுக்காக நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமையை அச்சொல் உணர்த்தும். நோயும் பசியும் வெள்ளமும் சூழ்ந்த நிலையில் அவர் நின்றிருத்தல் எளிதன்று என்பதையும் மறுத்தற்கில்லை.

ஆயின் ‘கைவிட்டார்’ என்னும் சொல் யாருக்கு உரியது? அது தம்பதெனியாவுக்குரியது. அங்கே வெள்ளமில்லை, வாளும் ஓங்கப்படவில்லை. ஆங்கில வினை இரு செயல்களையும் ஒன்றாய் விழுங்கிவிட, பழி முழுதும் ஆற்றங்கரையில் நின்றவர் தலையில் விழுந்தது.

டேவி விடுதலை பெறாமலே, கண்டியிற் கைதியாய்ச் சில ஆண்டுகள் கழித்து இறந்தார். நோர்த் 1805இல் பதவி நீங்கித் தாயகம் சென்றார். பின்னர் கில்போர்ட் பிரபுவானார்.