மைஎஸ்கியூஎல்: ஓர் உரிமம் மாறிய கதை

பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் இட்லியும் சட்னியும் மாதிரி. இணையதளம் அமைக்கக் கற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் சேர்த்துத்தான் படித்திருப்பார்கள். ஆனால் 2004 ஜூலையில் பிஎச்பி 5 வெளிவந்தபோது, பிஎச்பி 4-உடன் சேர்ந்தே வந்துகொண்டிருந்த மைஎஸ்கியூஎல் இணைப்பு நிரலகம் அதில் இல்லை. தேவைப்பட்டவர்கள் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. எஸ்கியூலைட் என்ற இன்னொரு சிறிய தரவுத்தளம் உடன் வந்தது. இந்தப் பிரிவினைக்கு முக்கியக் காரணம் ஓர் உரிமம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1995-இல் மைக்கேல் வைடேனியஸ், டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் ஆகிய மூவரும் ஸ்வீடனில் தொடங்கியது மைஎஸ்கியூஎல் ஏபி நிறுவனம். (பெயரில் உள்ள 'மை' என்பது வைடேனியஸின் மகள் பெயர்!) முதலில் யூனிக்ஸில் பெரும்பாலும் இலவசம், விண்டோஸில் கட்டணம் என்று ஒரு கலவையான உரிமம் இருந்தது. 2000 ஜூனில் அதை விட்டுவிட்டு ஜிபிஎல் உரிமத்துக்கு மாறினார்கள்.

ஜிபிஎல் நிரலைத் தன் நிரலோடு இணைத்து வெளியே விநியோகிப்பவர், தன் மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். அதற்கு மனமில்லாத நிறுவனம் என்ன செய்யும்? மைஎஸ்கியூஎல் ஏபியிடம் பணம் கட்டி வேறு உரிமம் வாங்கிக்கொள்ளும். இரட்டை உரிமம் என்று இதற்குப் பெயர். நிரல் முழுவதன் காப்புரிமையும் ஒரே கையில் இருந்தால்தான் இந்த வியாபாரம் நடக்கும். எனவே வெளியார் எழுதித் தரும் நிரலுக்கும் காப்புரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் காப்புரிமை பலரிடம் சிதறிக் கிடக்கிறது; அங்கே எந்த ஒரு நிறுவனமும் நினைத்த மாத்திரத்தில் இப்படிச் செய்ய முடியாது.

இப்போது அந்த இணைப்பு நிரலகத்துக்கு வருவோம். ஒரு செயலி நேரடியாக இணைவது தரவுத்தள வழங்கியோடு அல்ல, இந்தச் சிறிய நிரலகத்தோடுதான். அது முன்பு எல்ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால் மூடிய மென்பொருளோடும் தாராளமாக இணைக்கலாம். 4.0 பதிப்பில் அதையும் ஜிபிஎல் ஆக்கினார்கள். ஒரே ஓர் எழுத்துதான் குறைந்தது! வலை விரித்தது பணம் கட்டாமல் நழுவிய வணிக நிறுவனங்களுக்காக. சிக்கியதோ பிஎச்பி. அதுவும் திறமூல மென்பொருள்தான் என்றாலும் அதன் உரிமம் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாதது. எதிர்ப்புக் கிளம்பியதும், திறமூல மென்பொருள்களுக்கு விதிவிலக்கு ஒன்றை 2004-இல் அறிவித்தார்கள். கடைசியில் பிஎச்பி 5.3-இல் (2009) பிஎச்பி உரிமத்திலேயே எழுதப்பட்ட புதிய நிரலகம் வந்தது.

ஆனால் பெரிய விளைவு வேறு. காப்புரிமை ஒரே கையில் இருந்தால் அதை விற்கவும் முடியும். 2008-இல் சன் நிறுவனம் சுமார் 100 கோடி டாலருக்கு மைஎஸ்கியூஎல்லை வாங்கியது. சன்னை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது. ஆரக்கிளோ தரவுத்தளச் சந்தையில் மைஎஸ்கியூஎல்லின் போட்டியாளர்! இதைத் தடுக்கும்படி வைடேனியஸ் ஐரோப்பிய ஆணையத்திடம் கேட்டார். நிரல்தான் ஜிபிஎல்லில் இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் கிளைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஜிபிஎல்லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 2009-இல் சிலரோடு சேர்ந்து ஆணையத்துக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு மறுப்புச் சொன்னார்: கிளைத்தவரால் இரட்டை உரிமம் விற்க முடியாது, வருமானம் இல்லாமல் வளர்ச்சி கடினம். ஆணையம் ஒப்புதல் அளித்துவிட்டது.

வைடேனியஸ் 2009-இலேயே சன்னை விட்டு விலகி, மரியாடிபி என்ற கிளையைத் தொடங்கியிருந்தார் (இது இளைய மகள் பெயர்). தான் தொடங்கிய நிறுவனம் தேர்ந்தெடுத்த ஜிபிஎல் இப்போது அவரையே கட்டியது. அந்த நிரலை அவர் வேறு உரிமத்தில் விற்க முடியாது. மரியாடிபிக்கான இணைப்பு நிரலகம் மட்டும் 2012-இல் மறுபடி எல்ஜிபிஎல் உரிமத்தில் வந்தது.

கதை அங்கேயும் நிற்கவில்லை. மரியாடிபி நிறுவனத்தின் மாக்ஸ்ஸ்கேல் என்ற துணை மென்பொருள் முதலில் ஜிபிஎல்லில்தான் இருந்தது. 2016-இல் அதன் 2.0 பதிப்பு பிஎஸ்எல் என்ற புது உரிமத்துக்கு மாறியது. மூலநிரலைப் பார்க்கலாம், சில ஆண்டுகள் கழித்து அது ஜிபிஎல் ஆகிவிடும். அதுவரை, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வழங்கிகளோடு பயன்படுத்தினால் பணம் கட்ட வேண்டும். இந்த உரிமத்தை உருவாக்கியவர்கள் வைடேனியஸும் ஆக்ஸ்மார்க்கும்தான்.