29ஆம் பிரிவும் மூன்றில் இரண்டும்

எங்கடை சனத்திடம் போய் "மகள் அரசறிவியல் படிக்கிறாள்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கணம் அமைதி. பிறகு, "அது படிச்சு என்ன வேலை எடுக்கிறது?" என்று கேட்பார்கள். டொக்டர், எஞ்சினியர், கணக்காளர்... இந்த மூன்றுக்கும் வெளியில் ஒரு படிப்பு இருப்பதாக யாழ்ப்பாணத்திலும் நம்பவில்லை, ஜேர்மனிக்கு வந்து முப்பது வருடம் தாண்டியும் நம்பவில்லை. வேலை கிடைக்குமா என்பது வேறு கதை. இந்தப் படிப்பு எதைக் காட்டித் தருகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் கூட்டங்களில் 1956 வரும், 1983 வரும். 29 வருமா? சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைச் சொல்கிறேன். சுதந்திர இலங்கையில் சிறுபான்மையினருக்கு இருந்த எழுத்துமூலப் பாதுகாப்பு முக்கியமாக அதுதான். ஒரு இனத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்று அது சொன்னது. வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. வழக்கு லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் வரை போனது. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. அது 29ஐ மீறவில்லை என்று 1953இல் தீர்ப்பு. பெயரைச் சொல்லாமலே ஒரு இனத்தை வெட்டி எடுக்கலாம் என்று கொழும்பு படித்துக்கொண்ட முதல் பாடம் அது.

அடுத்தது கோடீஸ்வரன் வழக்கு. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. அவர் ஒரு தமிழ் அரசாங்க எழுதுவினைஞர். சிங்களப் பரீட்சை எழுத மாட்டேன் என்று இருந்துவிட்டார். 1962இல் அவருடைய சம்பள உயர்வை நிறுத்தினார்கள். மனுசன் ஊர்வலம் போகவில்லை. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமே 29ஆம் பிரிவுக்கு முரண் என்று சொல்லி வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றும் விட்டார்! எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தனிச் சிங்களச் சட்டம் செல்லாது என்று இலங்கை நீதிமன்றம் ஒன்று சொல்லியிருக்கிறது.

அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர்நீதிமன்றம் மொழிச் சட்டத்தைத் தொடவேயில்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்று சொல்லி அவருக்கு எதிராக முடித்தது. 1969இல் பிரிவிக் கவுன்சில் அது பிழை, வழக்குப் போடலாம் என்றது. ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்வியைத் தான் தீர்க்காமல், திரும்பவும் கொழும்புக்கே அனுப்பிவிட்டது.

அந்தக் கேள்விக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. 1970இல் ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டுக்கும் மேலான ஆசனங்களோடு வந்தது. 29ஐப் பாராளுமன்றம் மாற்றவே முடியாது என்ற கருத்தைப் பிரிவிக் கவுன்சில் 1964இல் வேறொரு வழக்கில் சொல்லியிருந்தது. அவர்கள் மாற்றவில்லை. அரசியல் நிர்ணய சபை என்று ஒன்றைக் கூட்டி, பழைய யாப்புக்கு வெளியே நின்று புதிய யாப்பே எழுதினார்கள். அதற்கு முன்னரே, 1971இல், பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழியை மூடியாயிற்று. நடுவரை முதலில் அனுப்பிவிட்டு, பிறகு விதியை அழிப்பது. 1972 மே 22இல் குடியரசு பிறந்தது. 29 அதில் இல்லை.

இனி இங்கே வருவோம். 1993இல் நாங்கள் கைமில், ஒரு அறைக்கு நாலு பேர். அகதித் தஞ்சம் பற்றி ஏதோ மாற்றுகிறார்களாம் என்று தொலைக்காட்சி சொல்லிக்கொண்டிருந்தது. முந்திய வருடம் மட்டும் 438,000 பேர் அசூல் கேட்டிருந்தார்கள். ஜேர்மன் யாப்பின் 16ஆம் உறுப்புரையை மாற்ற மூன்றில் இரண்டு வேண்டும், அது ஆளும் கட்சிகளிடம் இல்லை. எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி 1992 டிசம்பரில் இணங்கியது. மே 26இல் வாக்கெடுப்பு முடிந்தது. "அரசியல் ரீதியாக ஒடுக்கப்பட்டோருக்குத் தஞ்ச உரிமை உண்டு" என்ற கருத்துள்ள வரி இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் அடுத்த பந்தியில், பாதுகாப்பான நாடு ஒன்றினூடாக வந்தவர் அதைக் கோர முடியாது என்று சேர்த்தார்கள். ஜேர்மனியைச் சுற்றியுள்ள அத்தனை நாடும் பாதுகாப்பான நாடுதான். தரை வழியால் வந்தவனுக்கு அந்த முதல் வரியால் பிரயோசனமில்லை. வரியை அழிக்காமலே உரிமையை எடுக்கலாம் என்பது மலையகத்தாருக்குப் புதுச் செய்தி இல்லை.

ஆனாலும் ஜேர்மன்காரர் தங்கள் சொந்த அழிவிலிருந்து ஒன்றைப் படித்திருக்கிறார்கள். ஹிட்லருக்கு எல்லா அதிகாரமும் கொடுத்த 1933 மார்ச் சட்டமும் மூன்றில் இரண்டால்தான் நிறைவேறியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்களைச் சபைக்குள் விடாமல் எடுத்த வாக்கு அது. அதனால்தான் 1949 யாப்பின் 79ஆம் உறுப்புரை, மனித கண்ணியம், ஜனநாயகம் போன்ற அடிப்படைகளில் எந்தப் பெரும்பான்மையும் கை வைக்க முடியாது என்கிறது. போருக்குப் பிறகு இங்கே அரசறிவியலைப் பல்கலைக்கழகங்களில் வளர்த்ததே ஜனநாயகத்தைச் சொல்லிக் கொடுக்கத்தான். பேர்லினில் 1920இல் தொடங்கிய அரசியல் உயர்கல்லூரியை நாசிகள் கைப்பற்றினார்கள். 1949இல் திரும்பத் திறந்தார்கள். 1959இல் அது சுதந்திரப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

2024 டிசம்பரில் இங்கே நடந்ததை எங்கள் ஆட்கள் அதிகம் கவனிக்கவில்லை. அரசியலமைப்பு நீதிமன்றத்தின் அமைப்பை, 16 நீதிபதிகள், 12 வருடப் பதவிக்காலம் எல்லாவற்றையும், யாப்புக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். அதுவரை அவற்றில் பல சாதாரணச் சட்டத்தில்தான் இருந்தன. நாளைக்கு வரும் ஒரு அரசு சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றியிருக்கலாம். இரண்டு மாதம் கழித்து, 2025 பெப்ரவரித் தேர்தலில், வெளிநாட்டவருக்கு எதிராகப் பேசும் ஏ.எஃப்.டி 20.8 வீதம் எடுத்து இரண்டாவதாக வந்தது. நடுவரை முதலில் பூட்டி வைத்தவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று 1971ஐத் தெரிந்தவனுக்கு விளக்கத் தேவையில்லை.

கோடீஸ்வரன் வழக்கின் 1969ஆம் ஆண்டுத் தீர்ப்பு இணையத்தில் இருக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் கடினம்தான். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்துப் பாருங்கள்.