உதடும் ஓசையும்

தமிழ்ப் பேசும்படத்தின் வரலாற்றை நடிகர்களின் வரலாறாகவும் பாட்டுகளின் வரலாறாகவும் நிறைய எழுதியாகிவிட்டது. உதட்டையும் ஓசையையும் பிரியாமல் பிடித்துவைத்திருந்த உழைப்பின் வரலாறாக அதை நாம் அநேகமாக எழுதியதில்லை. பழைய படங்கள் கணினிக்கு இடம்பெயரும் இக்காலத்தில் அது வெறும் பழங்கதை அன்று; ஒரு முடிவெடுக்க நமக்கு உதவக்கூடியது.

ஆத்தூருக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் சேலம். அங்கே டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1937இல் 'சதி அகல்யா'வையும், 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' படத்தையும் தந்தது. பேசும்படத்தின் தொடக்க ஆண்டுகளில் நடிகர் காமிராவின் முன்னாலேயே பாடவேண்டும். முகமும் குரலும் ஒரே ஆளுடையவை, ஒரே கணத்தவை. ஆயினும் படத்தை ஒரு சுருளிலும் ஒலியை வேறொரு சுருளிலும் பதிவுசெய்யும் முறையில், காட்சியின் தொடக்கத்தில் தட்டப்படும் கிளாப் பலகைதான் அவ்விரண்டையும் பிணைக்கும் முடிச்சு. பலகை மூடும் சட்டகத்தையும் அதன் ஓசை விழுந்த இடத்தையும் நேர்நிறுத்திய பிறகே படத்தொகுப்பாளரின் வேலை தொடங்கும்.

திரையரங்குக்குப் போகும் பிரதியில் இரண்டும் ஒரே சுருளுக்கு வந்துவிடும்; ஆனால் அருகருகே அல்ல. புரொஜக்டரில் படம் நின்று நின்று நகரவேண்டும். ஒலியோ சீராக ஓடவேண்டும். எனவே ஒலியைப் படிக்கும் இடம் படம் விழும் இடத்துக்குக் கீழே சற்றுத் தள்ளி அமைந்தது. அந்த இடைவெளிக்கு ஈடாக, 35 மி.மீ. பிரதியில் ஒலிச்சுவடு தன் படத்துக்கு ஏறத்தாழ 20 சட்டகங்கள் முன்னதாக அச்சிடப்பட்டது. இரண்டுக்கும் நடுவே ஆபரேட்டர் விடும் பிலிம் வளையம் பெரிதானால் ஓசை பிந்தும், சிறிதானால் முந்தும். ஊர் ஊராகப் போன டூரிங் கொட்டகையானாலும் நகரத்து அரங்கானாலும், அந்த வளையத்தைச் சரியாக விடத் தெரிந்த கைதான் வசனத்தை வாயோடு சேர்த்தது.

கொட்டகையின் நீளமும் கணக்கில் உண்டு. நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில், ஒரு சட்டகத்தின் நேரத்துக்குள் ஓசை சுமார் 14 மீட்டர் தூரம் செல்லும். கடைசி பெஞ்சில் இருப்பவருக்கு வசனம் ஓரிரு சட்டகங்கள் தாமதமாகவே வந்துசேரும். அதை அவர் உணர்வதில்லை. மின்னலைக் கண்டபின் இடியைக் கேட்பது மனிதனுக்குப் பழக்கம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரையும் இதையே சொல்கிறது: ஓசை 45 மில்லிநொடி முந்தினாலே கண்டுகொள்கிறோம், பிந்தினால் 125 மில்லிநொடி வரை பொறுத்துக்கொள்கிறோம்.

அறுந்த பிலிமை ஒட்டுவதில்தான் இவ்வரலாற்றின் முக்கியமான பாடம் இருக்கிறது. ஒலிச்சுவடு பிலிமிலேயே இருந்தால், நாலைந்து சட்டகங்களை வெட்டி ஒட்டினாலும் ஒரு நொடிக்குள் ஒத்திசைவு தானே திரும்பிவிடும்; ஒரு சொல்லின் பாதி மட்டும் போய்விடும். 1926இல் அமெரிக்காவில் அறிமுகமான வைட்டாபோன் முறையில் ஒலி தனி இசைத்தட்டில் இருந்தது. அங்கே நாலு சட்டகம் குறைந்தால் அந்த ரீல் முழுவதும் ஓசை விலகியே ஓடும். ஆகவே ஆபரேட்டர்கள் சேதமான சட்டகங்களின் எண்ணிக்கைக்குச் சமமாகக் கறுப்பு பிலிமைச் சேர்த்தார்கள். திரை ஒரு கணம் இருண்டது. குரல் முழுமையாக ஒலித்தது. 1993இல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு வந்த டி.டி.எஸ். முறையிலும் ஒலி தனித் தட்டில்தான். ஆனால் பிலிமில் அச்சிட்ட நேரக்குறியைத் தட்டு பின்தொடர்ந்தது. படம் தாவினால் குரலும் கூடவே தாவியது.

நம் சினிமாவில் குரல், முகத்தின் நிழல் மட்டும் அன்று. 1938இல் 'நந்தகுமார்' படத்தில் ஏ. வி. மெய்யப்பன் பின்னணிப் பாடலைக் கையாண்டார். 1944இல் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேசவைத்தார். 1945இன் 'ஸ்ரீவள்ளி'யில் குமாரி ருக்மிணியின் குரலை நீக்கி, அவருடைய உதட்டசைவுக்குப் பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்தார். முகம் ஒருவருடையதாகவும் குரல் மற்றொருவருடையதாகவும் ஆனபின், குரலை வெட்டுவது இன்னொரு கலைஞரை வெட்டுவதாகும்.

இன்று பழைய பிரதியைக் கணினியில் சரிசெய்பவர் மூன்று நோய்களைச் சந்திக்கிறார். விலகல் முதலிலிருந்து ஒரே அளவாக இருந்தால் ஒலியை மொத்தமாக நகர்த்தினால் போதும். போகப்போக வளர்ந்தால் வேகம் பிசகியிருக்கிறது: 24 சட்டகப் படத்தைத் தொலைக்காட்சிக்காக 25ஆக ஓட்டினால் 150 நிமிடப் படம் 144இல் முடிந்துவிடும், ஒலியையும் அதே விகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓரிடத்தில் திடீரென்று விலகினால் அங்கே சட்டகங்கள் தொலைந்திருக்கின்றன. வேறு பிரதியிலிருந்து முழு ஒலியும் கிடைக்கும்போது, குறைந்த படத்துக்கு ஏற்ப அதை வெட்டுவது எளிது; உறுத்தாமலும் இருக்கும்.

அதைச் செய்யக்கூடாது என்பதே நம் கருத்து. 'பாலன்' படத்தின் பிரதி இன்று இல்லை. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்துக்கும் அதே கதி. எஞ்சியது இவ்வளவு குறைவாக இருக்கையில் அரைச் சொல்லும் சொத்துதான். படம் இல்லாத இடத்தில் திரை இருளட்டும். பாடுகிறவரைப் பாடி முடிக்க விடுவோம்.