அற்கின்சன் சகோதரரும் திருகோணமலையும்

இங்கிலாந்தின் கிரனாடா தொலைக்காட்சி நிறுவனம் 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆந் திகதி ஷேர்லொக் ஹோம்ஸ் தொடரை ஆரம்பித்தது. ஜெரமி பிரெட் ஹோம்ஸாகத் தோன்றிய அத்தொடர் 1994 வரை 41 கதைகளாக ஒளிபரப்பப்பட்டு, துப்பறியுந் தொடர்களுள் தலைசிறந்ததெனப் பலராலும் பாராட்டப்பெற்றது. அதன் முதற் கதையாகத் தெரிவு செய்யப்பட்டது, ஆதர் கொனன் டொயில் 1891 ஜூலையில் ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில் எழுதிய பொஹீமிய அரசரின் கதையாகும். மூலக்கதையின் தொடக்கத்திலே, ஹோம்ஸ் துலக்கிய வழக்குகளை அடுக்கிச் சொல்லும் வொட்சன், திருகோணமலையில் அற்கின்சன் சகோதரருக்கு நேர்ந்த விசித்திரமான அவலத்தையும் ஒரு வரியிற் குறிப்பிடுகின்றார்.

அச்சகோதரர் யாவர், நேர்ந்தது யாது என்பவற்றை டொயில் எங்கும் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய அத்துறைமுகம் அவர்தம் கடற்படைக்குப் பேரரணாக விளங்கியது. ஆதலின் அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே தொலைதூரக் கடலும் கப்பல்களும் மறைந்த குற்றமும் இலண்டன் வாசகரின் மனக்கண்முன் தோன்றின. சொல்லாமல் விட்டதனாலேயே சுவை மிகுந்தது. எனினும் அந்த ஒற்றை வரியில் ஊரின் பெயர் இருந்ததேயன்றி, ஊர் இருக்கவில்லை.

உண்மையில் அவ்வூருக்கெனத் துலக்கப்பட வேண்டிய வழக்கு ஒன்று நெடுங்காலமாகக் காத்திருந்தது. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலை 1620களிற் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். கோயிற் பொருள்கள் சென்ற இடம் எது? திருவுருவங்களைக் காத்தவர் எவர்? வரலாற்றேடுகள் இவற்றிற்கு முழு விடை தரவில்லை.

ஆயினும் தடயங்கள் அழியவில்லை. பிற்காலத்தில் பிரெட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அவ்வரணின் வாயிற் கல்லிலே சிதைந்த தமிழ் எழுத்துகளும் இணைக்கயற் சின்னமும் காணப்படுகின்றன. 1950இல் நகரசபையார் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் முதலிய வெண்கலத் திருவுருவங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர்தம் தோழர் மைக் வில்சனும் சுவாமிமலைக்குக் கீழே கடலில் மூழ்கி, கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். 1963இல் புதிய ஆலயத்திற்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

சிறு தடயத்திலிருந்து பெரியதோர் உண்மையை உய்த்துணர்வதே துப்பறியுங் கதையின் இன்பம். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில மர்மக் கதைகளைத் தழுவியெழுதிய நாள் முதலாகத் தமிழ் வாசகரும் அவ்வின்பத்தை நன்கறிவர். வரலாற்றாசிரியனின் தொழிலும் அதனின் வேறன்று. அற்கின்சன் சகோதரரின் வழக்கை இனி எவராலுந் துலக்கவியலாது. அவர்கள் பெயரளவிலேயே வாழ்ந்தவர்கள். ஆனால், ஆபத்துக் காலத்தில் திருவுருவங்களை மண்ணுள் மறைத்துச் சென்றோர் மெய்யாகவே வாழ்ந்தவர்கள். இல்லாத இருவருக்கு உலகெங்கும் பெயர் நிலைத்தது. இருந்தவர்களின் பெயர் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் மறைத்தது முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பழுதின்றிக் கிடைத்ததே அவர்கள் விட்டுச்சென்ற சாட்சியம்.