கம்பியை நம்பி...

போன மழைக்காலத்தில் மூணு நாள் எங்க வீட்டில் இன்டர்நெட் இல்லை. படப்பையில் வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டை ஒட்டி யாரோ ஜேசிபி வைத்துத் தோண்டி ஃபைபர் கேபிளை அறுத்துவிட்டார்கள். வீட்டிலிருந்தே ஆணி பிடுங்கும் எனக்கு வேலை ஓடவில்லை. மூணாம் நாள் ராத்திரி நேராகப் பள்ளத்துக்கே போய்விட்டேன்.

பெரிய குடைக்குக் கீழே ஒருத்தர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலைமுடி மாதிரி இருந்த இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டவைத்துக் கொண்டிருந்தார். "எவ்வளவு நேரம்ணே ஆகும்?" என்றேன். "அந்த முனையில ஒருத்தன் உக்காந்திருக்கான் தம்பி. அவன் ஒழுங்கா ஒட்டினாத்தான் இங்க வெளிச்சம் வரும்" என்றார். அப்புறம் போனை எடுத்து, "டேய், டெஸ்ட் பண்ணியா? நெஜமாவே பண்ணியா?" என்று அந்த ஆளை நாலு தடவை கேட்டார். வைத்துவிட்டு என்னிடம், "இவனுங்கள நம்ப முடியாது தம்பி" என்றார்.

சிரித்துவிட்டு வந்தாலும் அந்த வார்த்தை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கம்பி இழுக்கும் வேலை முழுக்க முழுக்க இன்னொரு முனையில் இருப்பவனை நம்பிச் செய்வது. இதையே குண்டு விழும் இடத்தில் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள்? அதுவும் கூட இருப்பவனையே நம்பாத ஒரு ராணுவத்தில்? நெட் வந்ததும் தேட ஆரம்பித்தேன். இந்தப் பதிவு அப்படி வந்ததுதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

1857 என்றால் நமக்கெல்லாம் கொழுப்புத் தடவிய தோட்டாதான் ஞாபகம் வரும். அதில் ஒரு தந்திக் கதையும் இருக்கிறது. மே 10 சாயங்காலம் மீரட்டில் கலகம் வெடித்தது. மீரட் - டெல்லி தந்திக் கம்பி செத்துப்போனது. மறுநாள் காலை டெல்லி தந்தி ஆபீசின் பொறுப்பாளர் சார்லஸ் டாட், எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்க யமுனைப் பக்கம் கிளம்பிப் போனார். திரும்பி வரவே இல்லை. ஆபீசில் மிச்சம் இருந்தவர்கள் பிரெண்டிஷ், பில்கிங்டன் என்ற இரண்டு சின்னப் பையன்கள். அறுபடாமல் இருந்த இன்னொரு கம்பியில் அம்பாலாவுக்குச் செய்தி அடித்துவிட்டு ஓடினார்கள்.

அந்தச் செய்தி அம்பாலாவிலிருந்து லாகூருக்குப் போனது. மே 13 அன்று லாகூரை அடுத்த மியான் மீர் முகாமில் இந்தியச் சிப்பாய்களை அணிவகுக்கச் சொல்லி, எதிரில் பீரங்கியை நிறுத்தி, ஆயுதங்களைக் கீழே வைக்கச் சொன்னார்கள். அவர்கள் அதுவரை ஒன்றுமே செய்திருக்கவில்லை. இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இந்தியாவில் ஒரு போருக்குத் தந்தி செய்த முதல் பெரிய உதவி எது என்று பார்த்தால், "உன் சிப்பாயை நம்பாதே" என்பதை வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான்.

கலகக்காரர்களுக்கும் கம்பியின் அருமை தெரிந்தே இருந்தது. கம்பங்களைப் பிடுங்கினார்கள், இரும்புக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டித் துப்பாக்கிக்கு ரவையாக்கினார்கள். மறுபக்கம், லக்னோ நோக்கிப் போன காலின் கேம்பெல்லின் படைக்குப் பின்னாலேயே பேட்ரிக் ஸ்டூவர்ட் என்ற எஞ்சினியர் அதிகாரி தந்திக் கம்பியை இழுத்துக்கொண்டு போனார். படை நகர நகரக் கம்பியும் நகர்ந்தது.

எல்லாம் அடங்கியதும் பீல் கமிஷன் உட்கார்ந்து கணக்குப் போட்டது. வங்காளப் படையில் இரண்டு இந்தியருக்கு ஒரு வெள்ளைக்காரர், மெட்ராஸ், பம்பாய்ப் படைகளில் மூணுக்கு ஒன்று. பீரங்கி பெரும்பாலும் வெள்ளைக்காரர் கையில்தான் இருக்க வேண்டும். கூட நின்று சண்டை போடுபவன் மேல் எவ்வளவு சந்தேகம் வைக்கலாம் என்பதை விகிதாசாரமாகவே எழுதிவைத்த ராணுவம் அது.

சிக்னல்ஸ் தனிப் பிரிவானது 1911 பிப்ரவரி 15இல். அதுவரை சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் பார்த்துவந்த வேலையைப் பிரித்து, ஃபதேகரில் முதல் இரண்டு கம்பெனிகளைத் தொடங்கினார்கள். மூணே வருஷத்தில் முதல் உலகப் போர் வந்தது.

போர்க்களத்தில் கம்பி போடுவது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன் (எஞ்சினியர் புத்தி, விடாது). கேபிள் சுற்றிய உருளையை மனிதனோ கோவேறு கழுதையோ சுமக்கும். ஒருத்தர் பிரித்துக்கொண்டே போவார், பின்னால் வருபவர் அதைப் பாதையிலிருந்து ஒதுக்கி மரத்திலோ மண்ணிலோ கட்டுவார். குண்டு விழுந்து அறுந்தால் லைன்மேன் அந்தக் கம்பியைக் கையில் பிடித்தபடியே இருட்டில் நடக்க வேண்டும். நடுநடுவே கையில் இருக்கும் டெலிபோனை மாட்டி ரெண்டு பக்கமும் பேசிப் பார்ப்பார். எந்தப் பக்கம் பதில் இல்லையோ அந்தப் பக்கம்தான் அறுந்திருக்கிறது. சில நேரம் எதிரியே கம்பியை வெட்டிவிட்டுப் பக்கத்துப் புதரில் காத்திருப்பான். அதனால் ஒருத்தர் முடிச்சுப் போடும்போது இன்னொருத்தர் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் கூட நிற்பவன் என்ன சாதி, என்ன நிறம் என்று பார்க்க முடியுமா?

பிரான்ஸ் பதுங்குகுழிகளில் இன்னொரு சிக்கல். பெரும்பாலும் ஒற்றைக் கம்பிதான் போட்டார்கள், கரண்ட் திரும்பி வர பூமியே வழி. அந்தக் கரண்ட் மண்ணில் கசிய, ஜெர்மானியர்கள் எதிர்க்குழியில் இருந்தபடியே ஒட்டுக்கேட்டார்கள். இதைத் தடுக்கத்தான் ஃபுல்லர் என்ற கேப்டன் 1915 வாக்கில் 'ஃபுல்லர்ஃபோன்' என்ற கருவியைக் கண்டுபிடித்தார்.

எதிரி ஒட்டுக்கேட்டது இப்படி. சொந்த ராணுவம்? இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் பிரித்துப் படிக்கத் தனியாக ஒரு தணிக்கை அலுவலகமே நடந்தது. நம்மாட்கள் சும்மா விடுவார்களா? 'கருப்பு மிளகு' என்றால் இந்தியப் படை, 'சிவப்பு மிளகு' என்றால் வெள்ளைக்காரப் படை என்று மசாலாக் கடைக் கணக்கு மாதிரி எழுதினார்கள். தணிக்கை அதிகாரிகளுக்கு அதுவும் பிடிபட்டுவிட்டது என்பது வேறு விஷயம்.

இனி நம்ம ஊர்க் கதை. 1857இல் மெட்ராஸ் படை பெரும்பாலும் கலகத்தில் சேரவில்லை. அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 1881 முதல் 1885 வரை இங்கே தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தி ஆள் சண்டைக்கு லாயக்கில்லை என்ற முடிவுக்கு வந்தார். வடக்கே சில 'வீர இனங்கள்' மட்டுமே போதும் என்றார்கள். மெட்ராஸ் காலாட்படை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைக்கப்பட்டு, 1930களில் பெயர் சொல்ல மிஞ்சியது மெட்ராஸ் சாப்பர்ஸ்தான். கலகம் செய்தவனை நம்பாததற்காவது ஒரு காரணம் உண்டு. கூடவே நின்றவனை என்ன சொல்லி ஒதுக்குவது? "உனக்கு வீரம் இல்லை" என்று சொல்லி.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் வீர இனக் கொள்கையைப் பரணில் போட்டார்கள். 1939இல் சுமார் 2 லட்சமாக இருந்த இந்திய ராணுவம் 1945இல் 25 லட்சம் ஆனது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் திரும்ப வந்தது. சிக்னல்ஸுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த, மோர்ஸ் பழகக்கூடிய பையன்கள் வேண்டும். படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த தெற்கத்திப் பையன்களுக்கு அது ஒரு வாசலைத் திறந்தது. வெள்ளைக்கார சிக்னல்காரர் செய்த அதே வேலை. ஆனால் சம்பளம் வேறு, சாப்பாடு வேறு, கிடைக்கும் மரியாதை வேறு.

போர் முடிந்த கையோடு வெடித்தது. 1946 பிப்ரவரி 18, பம்பாயில் எச்.எம்.ஐ.எஸ். தல்வார். கடற்படைக் கலகம் என்று படித்திருப்பீர்கள். ஆனால் தல்வார் ஒரு கப்பல் இல்லை, கரையில் இருந்த சிக்னல் பயிற்சிப் பள்ளி. சுவரில் முழக்கம் எழுதியதற்காகக் கைதான பி.சி. தத் ஒரு தந்தி ஆபரேட்டர். வேலைநிறுத்தக் குழுவின் தலைவர் எம்.எஸ்.கான் சிக்னல்மேன், துணைத்தலைவர் மதன் சிங் டெலிகிராஃபிஸ்ட். வயர்லெஸ் அவர்கள் கையில்தானே இருந்தது? சில நாட்களில் சுமார் 78 கப்பல்கள், 20,000 மாலுமிகள் சேர்ந்துவிட்டார்கள்.

அது அடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 27, ஜபல்பூர் சிக்னல் பயிற்சி மையம். காங்கிரஸ் கொடி, லீக் கொடி இரண்டையும் தூக்கிக்கொண்டு சிக்னல்காரர்கள் ஊருக்குள் ஊர்வலம் போனார்கள். மாலுமிகளைச் சுட்டதற்கு எதிர்ப்பு, ஐ.என்.ஏ. கைதிகளை விடு, எங்களையும் மனுஷனாக நடத்து, இதுதான் கோரிக்கை. சில நாட்களில் கிட்டத்தட்ட 1,700 பேர் சேர்ந்தார்கள், தென்னிந்தியப் பையன்களும் அதில் இருந்தார்கள். யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. ஆனால் அவர்களைப் பிடிக்க வெள்ளைக்காரக் காலாட்படை பயனெட்டோடு வந்தது. பலருக்குக் காயம். மார்ச் 3 வாக்கில் எல்லாம் முடிந்தது. சிலருக்கு ஜெயில், பலருக்கு வேலை போனது.

ராணுவத்தில் இருப்பவன் ஸ்டிரைக் செய்யலாமா என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. காந்தியே கடற்படைக் கலகத்தை ஏற்கவில்லை. யாரையும் பழிவாங்க விடமாட்டோம் என்று படேல் சொன்னதை நம்பித்தான் மாலுமிகள் சரணடைந்தார்கள். ஆனால் நூற்றுக்கணக்கானவர்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் சுதந்திரம் வந்தது. இந்தியக் கடற்படையும் அவர்களைத் திரும்பச் சேர்க்கவில்லை, பாகிஸ்தானும் சேர்க்கவில்லை. என்னைக் குத்துவது இதுதான். வெள்ளைக்காரன் நம்பாதது ஆச்சரியமில்லை, அவன் 1857லேயே சொல்லிவிட்டான். ஆனால் நம்மவர்களும் அந்தப் பையன்களைச் சந்தேகப் பட்டியலிலேயே விட்டுவிட்டார்கள். ஒரு தடவை மீறியவன் நாளைக்கு நம்மையும் மீறுவான் என்ற அதே 1857 கணக்கு.

அன்றைக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு குடைக்காரர் போன் அடித்தது. "வெளிச்சம் வந்துருச்சுண்ணே" என்று அந்த முனையில் இருந்து சத்தம். இவர் "சரிடா" என்றுவிட்டு, மெஷினை எடுத்துத் தானே இன்னொரு தடவை டெஸ்ட் செய்தார். சரியாகத்தான் இருந்தது.

மக்களே, ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுத் தாத்தா யாராவது "நான் சிக்னல்ஸ்ல இருந்தேன், நாப்பத்தாறுல வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால், ஏன் வந்தார் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கிடைத்ததை எழுதி வையுங்கள்.