மணற்குன்றில் மறுபிறவி எடுத்த எஞ்சின்

கடற்கரை மணலில் சைக்கிள் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மிதிக்க மிதிக்கச் சக்கரம் புதையும். கடைசியில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். எடை மிகுந்து, தரையைத் தொடும் பரப்புக் குறைந்தால் அழுத்தம் கூடும் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? அந்தப் பாடத்தை மணல் நமக்குச் செய்முறையாகவே காட்டிவிடுகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் பெரிய மணற்குன்றுகள் உண்டு. அங்குள்ள இளைஞர்கள் பழைய கார்களின் மேற்கூட்டைக் கழற்றிவிட்டு, அகன்ற டயர்களைப் பூட்டி அக்குன்றுகளில் ஏறி விளையாடுவார்கள். இத்தகைய வண்டிக்கு ‘பக்கி’ என்று பெயர். ஆனால் அவற்றில் பல, நீரால் குளிர்விக்கப்படும் கனத்த எஞ்சின்களைச் சுமந்து திணறின.

புரூஸ் மேயர்ஸ் என்பவர் கண்ணாடி இழையால் படகு கட்டும் தொழிலில் தேர்ந்தவர். படகைப் போலவே ஒரு காரின் கூட்டையும் வார்த்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1964-இல் ‘மேயர்ஸ் மேங்ஸ்’ பிறந்தது. பின்னர் வந்த வண்டிகளுக்கு, பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தளத்தை ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் குறுக்கி, அதன்மேல் இந்தக் கூட்டைப் பொருத்தினார்கள். எஞ்சினும் அதே பழைய காரினுடையதுதான்!

1967 ஏப்ரலில் மேயர்ஸும் டெட் மேங்கெல்ஸும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் லா பாஸ் நகரிலிருந்து டிஹுவானா வரை, பாதையென்று சொல்லத் தகாத பாதையில், 34 மணி 45 நிமிடத்தில் வந்து சேர்ந்தனர். 1962-இல் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஏறக்குறைய 40 மணி நேரம் பிடித்த தூரம் அது. இச்செய்தி பரவியதும் பக்கி மோகமும் பரவியது.

கழற்றத் தக்க எஞ்சின்

இந்தப் புகழில் பாதி எஞ்சினுக்கு உரியது. 1930-களில் ஜெர்மனியில் போர்ஷேயின் வடிவமைப்பு நிலையத்தில் உருவான எஞ்சின் இது. இதைக் குளிர்விப்பது காற்று. ஆகவே ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் பம்ப் இல்லை. நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும்.

அக்காலத்துப் பெரும்பாலான கார்களில் சிலிண்டர்கள் எல்லாம் ஒரே இரும்புக் கட்டியில் குடைந்தவை. அவை தேய்ந்தால் முழுக்கட்டியையும் பட்டறைக்குத் தூக்கிச் சென்று, மீண்டும் குடைந்து, பெரிய பிஸ்டன் போடவேண்டும். பீட்டிலிலோ ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனி வார்ப்பிரும்புக் குழாய். தேய்ந்ததை உருவி எடுத்துவிட்டு, புதிய சிலிண்டரையும் அதற்கு இணையான பிஸ்டனையும் செருகிவிடலாம். எஞ்சினைக் காரோடு பிணைப்பவை நான்கே போல்ட்டுகள்.

இந்த எஞ்சின் தேயாதது அன்று. தேய்ந்தபின் திறந்து புதுப்பிக்கத் தக்கது. அதன் பெருமை அதுதான்.

மணலின் பழி

பழைய காரில் பல்லாயிரம் மைல் ஓடிய எஞ்சின் பக்கியில் ஏறி, மணலில் உழைத்து, பிறகு இரண்டாம் கைக்கு விலைபோகும். வாங்கியவர் சாவியைத் திருப்பினால் நீலப்புகை வரும்; மேட்டில் ஏறாது. காரணம் என்ன?

மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7-ஆம் இடம், வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. காற்று வடிகட்டியைத் தாண்டி உள்ளே போகும் தூள், சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயோடு கலந்து அரைக்கும் பசையாகிவிடுகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்கின்றன. எரிந்த வாயு கீழே கசிகிறது. எண்ணெய் மேலே ஏறி எரிகிறது. திறன் குறைவதும் நீலப்புகை வருவதும் இதனால்தான்.

வெப்பமும் சும்மா இருப்பதில்லை. இந்த எஞ்சினில் எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதி, மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றின் வழியில் நின்றது. ஆகவே அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடானது. அதன் எக்சாஸ்ட் வால்வு முதலில் கெட்டது. 1971 மாடலில் அப்பகுதியை ஒதுக்கி வைத்து, அதற்குத் தனிக் காற்றுவழி கொடுத்தார்கள்.

அளந்து பார்த்தவர் பிழைத்தார்

புது பிஸ்டன் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவர்கள் பலர். அங்கேதான் ஏமாந்தார்கள். கிராங்க் அச்சின் முனையிலுள்ள கப்பியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட அசைவு 0.07 முதல் 0.13 மில்லிமீட்டர். நம் தலைமயிரின் கனத்தில் ஒரு மடங்கு, இரு மடங்கு, அவ்வளவே! தேய்ந்த எஞ்சினில் அது ‘டக் டக்’ என்று கையிலேயே தெரியும்.

மூன்று மெல்லிய வளையத் தகடுகளைத் தேர்ந்து வைத்து இந்த அசைவைச் சரிசெய்யலாம். ஆனால் அச்சைத் தாங்கும் மக்னீசியக் கலவைப் பெட்டியிலேயே தாங்கியின் இருக்கை அடிபட்டுத் தளர்ந்திருந்தால் தகடு உதவாது. இருக்கைகளை ஒரே நேர்கோட்டில் குடைந்து, தடித்த தாங்கிகளைப் போடவேண்டும். அதைச் செய்யாமல் மேலே மட்டும் புதுப்பித்தால், இடைவெளி வழியே எண்ணெய் ஒழுகி அழுத்தம் விழும். புதிய பிஸ்டனுக்குச் செலவழித்த பணமும் வீண்.

கடைசியில் ஃப்ளைவீலின் ஒற்றை நட்டை 30 கிலோகிராம்-மீட்டர் அளவுக்கு முறுக்கவேண்டும். இதற்கு எவ்வளவு பலம் தேவை? கணக்கிட்டுப் பாருங்கள். அரை மீட்டர் நீளக் கம்பியைக் கிடையாகப் பொருத்தி, அதன் நுனியில் 60 கிலோ எடையுள்ளவர் நின்றால் போதும்: 60 × ½ = 30. நெம்புகோல் தத்துவம் இருக்கும்போது பயில்வான் எதற்கு?

1969-இல் ஜான் மியூர் என்ற பொறியாளர், வோக்ஸ்வாகனை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். ஸ்பானர் பிடித்தறியாதவருக்கும் புரியும்படி படங்களோடு அமைந்த அந்நூல், எஞ்சின் புதுப்பித்தலைத் தொழிற்சாலையிலிருந்து வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தது.

மேயர்ஸின் வடிவத்தைப் பலர் நகல் செய்தனர். வழக்காடித் தோற்ற அவருடைய கம்பெனி 1971-இல் மூடப்பட்டது. ஆயினும் 2014-இல் அவருடைய முதல் சிவப்பு வண்டி அமெரிக்காவின் வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம் பெற்றது. அந்தப் பதிவேட்டில் ஏறாத இன்னொரு வரலாறும் உண்டு. முற்றத்தில் பழைய எஞ்சினைப் பிரித்துப் போட்டு, மயிரிழை அளவை நாளெல்லாம் அளந்து, மறுநாள் அதை ஓட வைத்த பெயர் தெரியாத கைகளின் வரலாறு அது.

அடுத்த முறை ஒரு பழைய இயந்திரத்தைக் காயலான் கடைக்குத் தள்ளும் முன், எங்கே தேய்ந்தது, எவ்வளவு தேய்ந்தது என்று அளந்து பாருங்கள். கெட்டது இயந்திரம் முழுவதுமா, அதன் ஒரு பகுதி மட்டுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.